கை போகாத இடம்

“ஸ்டார்ட்டரைத் தாங்குற ரெண்டு போல்ட்டையும் காணோம். பழைய இன்ஜின். வேற போல்ட் கிடைச்சாலும் அந்த இடுக்குல கை போகாது,” என்று மெக்கானிக் சிராய்த்த மணிக்கட்டைக் காட்டினார்.

படகுக்காரன் கடலைப் பார்த்தான். காலையில் படகு கிளம்பாமல் இவன் கரையிலேயே நின்றுவிட, மச்சினன் தன் சின்னப் படகில் தனியாகப் போயிருந்தான். இப்போது கடல் கொந்தளிக்கிறது, ஆள் திரும்பவில்லை.

“எதையாவது வச்சுக் கட்டுங்கண்ணே. நான் போய் அவனைத் தேடணும்.”

கரையில் நின்றிருந்த அவன் மனைவி படகுக்குள் இறங்கி உள்ளங்கையை விரித்தாள். இரண்டு போல்ட்டும் இருந்தன. அவள் மணிக்கட்டிலும் அதே இடத்தில் சிராய்ப்பு.

“காத்து சரியில்லைன்னு சொன்னேன், நீங்க கேக்கல. உங்களை நிறுத்தத்தான் கழட்டினேன். என் தம்பி போவான்னு நினைக்கல.”

கண்ணைக்கூடத் துடைக்காமல் மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

“தள்ளுங்கண்ணே. என் கை உள்ள போகும்.”