அமோரியின் பங்கு

சிலுவைப்போர்க் காலத்துக் கடலோரக் கோட்டை ஒன்றின் உணவுக்கூடத்தில் நண்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. சிலுவை தைத்த வெள்ளை அங்கியோடு துறவி வீரர்கள் மேசையில் பேசாமல் உண்கிறார்கள். குருவானவர் ஒருவர் மட்டும் வேதாகமத்தை உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர்களில் ஒருவனான கேரின் மட்டும் தரையில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய அங்கியைப் பறித்துவிட்டார்கள். போரில் உத்தரவு வருமுன்னே அணியைவிட்டுக் குதிரையைத் தட்டிவிட்டவனுக்கு இந்தத் துறவுச் சபையில் அங்கியிழந்து தரையில் உண்பதுதான் தண்டனை. அவனைத் திருப்பிக் கூட்டிவரப் பின்னால் பாய்ந்த அமோரி அம்புபட்டுச் செத்தான். செத்த வீரனின் சாப்பாட்டுப் பங்கை நாற்பது நாள் ஓர் ஏழைக்குப் போடுவது இங்கே வழக்கம். அமோரியின் இடத்தில் இப்போது ஒரு கிழட்டுப் பிச்சைக்காரன், தாடியெல்லாம் குழம்பு வழிய, ஆட்டெலும்பை உறிஞ்சுகிறான். கேரினின் கிண்ணத்தில் ஒரு நாய் வாய் வைக்கிறது. விரட்ட அவனுக்குக் கை எழவில்லை. கிழவன் அதைப் பார்த்துவிடுகிறான். இவனும் தன்னைப்போல ஒரு பிச்சைக்காரன் என்று நினைத்து, குனிந்து ஒரு துண்டு இறைச்சியை அவன் கையில் திணிக்கிறான்.

“தின்னுப்பா, கூச்சப்படாத. எவனோ ஒருத்தன் செத்துட்டானாம், எனக்கு நாப்பது நாளைக்குக் கவலையே இல்ல,” என்கிறான் வாய் நிறைய மென்றபடி. “அவன் சாவுக்குக் காரணமானவன் எவனோ, மகராசன், நல்லா இருக்கட்டும்!”

வாசிப்பு நின்றுபோகிறது. மேசையில் ஒருவரும் நிமிரவில்லை. கேரினின் உள்ளங்கையில் இறைச்சி இன்னும் சுடுகிறது.