தன் கையால் ஓர் ஊசி

“சிஸ்டர், ஊசி கையில இருக்கு. குத்தத்தான் தைரியம் வரல.”

மறுமுனையில் தொலைக்காட்சி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. சற்று நேரத்தில் அதுவும் நின்றது.

“யாரும்மா பேசறது?” வயதான ஒரு பெண்ணின் குரல்.

அந்த ‘ம்மா’ அவனுக்குச் சுருக்கென்றது. குத்த வேண்டிய ஊசி கையிலேயே இருக்க, இது முந்திக்கொண்டு குத்திவிட்டது.

“உங்க கிளினிக்குலதான் சிஸ்டர் ரெண்டு தடவை போட்டாங்க. மூணாவதுலேர்ந்து நானே போட்டுக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. இப்ப வேலைக்காக வேற ஊருக்கு வந்துட்டேன். சந்தேகம்னா இந்த நம்பருக்குப் பேசச் சொன்னாங்க.”

“என்ன ஊசி?”

“டெஸ்டோஸ்டீரோன். ஆண் ஹார்மோன். நான் பொண்ணாப் பொறந்தவன், சிஸ்டர். குரல் இன்னும் உடையல. ஃபைல்ல எல்லாம் இருக்குமே?”

“ஃபைல் என் கையில இல்ல, தம்பி. நீங்களே சொல்லுங்க.”

தம்பி! இந்தக் குரலை வைத்துக்கொண்டு போனில் அவனை யாரும் அப்படி அழைத்ததில்லை. அவனையறியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபதாவது மாடியில் நின்றுகொண்டு, இருட்டுக் கிணறு மாதிரி இறங்கும் இடைவெளியைக் கூசாமல் எட்டிப் பார்க்கிறவன். அவன்தான் இன்று அரை விரல் நீள ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்த ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இதுவரை அவனோடு அதிகம் பேசியது லிஃப்டுக்குள் பதிவு செய்து வைத்திருக்கும் குரல்தான்: ‘கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்.’ ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் கிடையாது. இன்று ஞாயிறு.

“கூட யாரும் இல்லையா?”

“இல்ல.”

“அம்மா, அப்பா?”

“இருக்காங்க. என் போனை எடுக்கறதில்ல.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. “சரி, நான் உக்காந்துட்டேன். உங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்களோ, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. பதறாம.”

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான். பக்கத்தில் அவன் கையெழுத்தில் ஒரு தாள்.

“முதல்ல சோப்புப் போட்டுக் கை கழுவணும்.”

“கழுவியாச்சா?”

“மூணு தடவை.”

“தோலை உரிச்சிடாதீங்க. அடுத்து?”

“மருந்து எண்ணெய் மாதிரி இருக்கும். பெரிய ஊசியால உறிஞ்சிட்டு, குத்தறதுக்கு வேற ஊசி மாத்தணும். மாத்திட்டேன். காத்துக் குமிழியையும் வெளியேத்திட்டேன்.”

“அளவு?”

“டாக்டர் சீட்டுல இருக்கிற அளவுதான்.”

“எதுக்கும் இன்னொரு தடவை பாருங்க.”

பார்த்தான். “சரியா இருக்கு.”

“எங்க குத்தச் சொன்னாங்க?”

“தொடையில. வெளிப்பக்கமா, நடுவுல. அந்த இடத்தைத் துடைச்சாச்சு.”

“அப்புறம் என்ன? எல்லாம் தெரிஞ்சிருக்கே!”

“தெரியுது சிஸ்டர். கைதான் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. நீங்க ‘ம்’னு ஒரு வார்த்தை சொன்னா குத்திடுவேன்.”

“அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். எப்பத் தோணுதோ அப்பக் குத்துங்க, அதுவரைக்கும் பேசிட்டிருப்போம். என்ன வேலை பாக்கறீங்க?”

“லிஃப்ட் ரிப்பேர்.”

“ஐயையோ, நான் அதுல ஏறவே மாட்டேன். நடுவுல நின்னுட்டா என்ன கதி?”

“நின்னாலும் விழாது சிஸ்டர். ஆறு வடம் போட்டிருப்போம். ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கிடும். உள்ள மாட்டிக்கிட்டவங்க அதெல்லாம் நம்ப மாட்டாங்க. கதவைப் போட்டு உதைப்பாங்க, அழுவாங்க. நாங்க வெளியில நின்னுக்கிட்டு, ‘பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், பேசிட்டே இருங்க’ன்னு சொல்லுவோம். அவ்வளவுதான், அடங்கிடுவாங்க…”

சட்டென்று பேச்சை நிறுத்தினான். ஊசி தொடைக்குள் இருந்தது.

“சிஸ்டர், குத்திட்டேன்!”

“வலிக்குதா?”

“நினைச்ச அளவுக்கு இல்ல. மெதுவா அமுக்கணும்னு எழுதியிருக்கு.”

“அப்ப மெதுவாவே அமுக்குங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

எண்ணெய் மருந்து ஆடி அசைந்து இறங்கியது. ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினான். ஒரே ஒரு பொட்டு ரத்தம். சிரித்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் மூக்கை உறிஞ்சி முடிக்கும்வரை அந்தப் பக்கக் குரல் காத்திருந்தது.

“ரொம்ப நன்றி சிஸ்டர். நீங்க சொல்லிக் கொடுக்கலைன்னா முடிஞ்சிருக்காது.”

“நான் எங்க சொல்லிக் கொடுத்தேன்? எல்லாத்தையும் சொன்னது நீங்கதானே.”

“மூணு வாரம் கழிச்சு அடுத்த ஊசி. அன்னைக்கும் நீங்கதானே டூட்டி?”

“கோவிச்சுக்காதீங்க, தம்பி. நான் நர்ஸ் இல்ல, இது கிளினிக்கும் இல்ல, வீடு. நீங்க நம்பரைத் தப்பாப் போட்டுட்டீங்க. உடனே சொல்லியிருந்தா போனை வச்சிருப்பீங்க. இந்தப் போன் அடிச்சே நாலு மாசமாச்சு.” குரல் தயங்கியது. “அடுத்த தடவையும் தப்பாவே போடறீங்களா?”