நல்லாப் பேசினவ

அந்தத் தாளைப் படித்ததும் மகாதேவனுக்கு வாயெல்லாம் பல்.

சிட்னி ஹோம்புஷில் ஒரு தோசைக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய விசா ஆலோசனை அலுவலகம். தமிழ்நாட்டுக்காரரான அவர், இலங்கைத் தமிழர்களான பிரவீனன், சயந்தினி என மூன்றே பேர். அடுத்த மாதம் மெல்பர்ன் ஸ்பிரிங்வேலில் கிளை திறக்கிறார். 'எங்கள் சேவையில் உங்கள் மனதில் நின்றது எது?' என்று வாடிக்கையாளர்களிடம் எழுதி வாங்கியிருந்தார். நல்லதாக நாலு வரி தேறினால் புதுக் கிளையின் சுவரில் மாட்டலாமே!

"கேளுங்க பிரவீனன். நம்ம சிவசோதி அங்கிள் எழுதியிருக்கார். 'சயந்தினிப் பிள்ளை என்னை நல்லாப் பேசினவ.' இதையே பெரிசா பிரிண்ட் போட்டுடலாம்!"

பிரவீனன் தயங்கினான்.

"சேர், அதைப் போடாதேங்கோ. உங்கட ஆக்கள் பேசுறது எண்டுறதை நாங்கள் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம். பேசினவ எண்டால்... திட்டினவ."

மகாதேவனின் பல் உள்ளே போய்விட்டது. ஸ்பிரிங்வேல் கிளையை அந்தப் பெண்ணிடம்தான் ஒப்படைப்பதாக இருந்தார்.

சயந்தினி சாப்பிட்டுவிட்டு வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"சிவசோதி அங்கிளைத் திட்டினீங்களா?"

"ஓம் சேர், பேசினனான். ஏனெண்டால் அவர் அண்டைக்கு..."

"காரணமெல்லாம் வேணாம். படகுல வந்து பதிமூணு வருஷமா விசாவுக்கு அலையுற மனுஷன். நம்மகிட்டயும் திட்டு வாங்கணுமா? ஸ்பிரிங்வேலும் வேணாம், இங்கயும் வேணாம். கிளம்புங்க."

அவள் வாதாடவில்லை. தண்ணீர் போத்தலைப் பையில் வைத்தாள்.

"வேலையை விட்டுப் போற ஆக்கள் கிளையன்ட் நம்பர் கொண்டு போகக் கூடாது எண்டுறது உங்கட சட்டம். அதால நான் கொண்டு போகேல்லை. நீங்கள் அவருக்கு வெள்ளிக்கிழமையில ஒருக்கா ஃபோன் எடுங்கோ சேர்."

மகாதேவன் எடுக்கவில்லை. திட்டு வாங்கியவரைக் கூப்பிட்டு என்னவென்று கேட்பது?

மூன்று வாரம் கழித்து சிவசோதியே படியேறி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"பிள்ளை எங்க தம்பி?"

"வேலையை விட்டே அனுப்பிட்டேன் அங்கிள். நீங்க எழுதினதைப் படிச்சதும் அதைத்தான் செஞ்சேன். இனிமே இங்க உங்களை யாரும் பேச மாட்டாங்க."

அவர்கள் சொல்லை அவர்கள் அர்த்தத்திலேயே சொல்லிவிட்டதில் மகாதேவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சிவசோதி கதிரையை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.

"என்ர மனிசி உயிரோட இருக்கேக்க வவுனியாவில இருந்து ஒவ்வொரு நாளும் ஃபோனில பேசுவா தம்பி. ஏன் சாப்பிடேல்லை, ஏன் பிரஷர் குளிசை போடேல்லை எண்டு. போன வருசம் மோசம் போட்டா. இந்த விசாவோட நான் செத்த வீட்டுக்கு முகம் பாக்கவும் போகேலாது. பிறகு நானும் சாப்பாடு, குளிசை எல்லாம் விட்டிட்டன். போய்ச் சேந்தாக் காணும் எண்டு இருந்தன்."

மகாதேவன் மேசையிலிருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இஞ்ச கையெழுத்து வைக்க வந்த நேரம் கை நடுங்கினது. பிள்ளை கண்டுபிடிச்சிட்டுது. தானும் அழுதழுது என்னை நல்லாப் பேசினது. பிறகு வெள்ளிக்கு வெள்ளி ஃபோன் எடுத்தும் பேசும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் சாப்பிட்டனான். மனசில நிண்டதை எழுதச் சொன்னியள், எழுதினன்."



சிவசோதி கண்ணைத் துடைத்தபடி எழுந்தார்.

"இனி என்னை ஆர் தம்பி பேசுறது?"