இரண்டாவது ஆளின் பெயர்

“பேசி வெச்சுக்கிட்டுத்தான் பண்ணியிருக்கீங்க, ரெண்டு பேரும்.”

“யாருகிட்டங்க சார் பேசினேன்?”

“கேக்கறா பாரு. எதுவுமே தெரியாத மாதிரி.”

மாடியில் அவன் குரல் ஏறியது.

கீழே நாங்கள் மிக்சியை நிறுத்தினோம்.

மற்ற நாள்களில் அவளை ‘வாங்க, போங்க’ என்றுதான் சொல்வான். இன்றைக்குக் ‘கேக்கறா’. ஆகவே விஷயம் பெரிதுதான்.

வடவள்ளியில், எங்கள் மாடிப் போர்ஷனில்தான் கணினி மொழியியல் ஆய்வாளர் கழகம் இருக்கிறது. பெயரைக் கேட்டால் பெரிய கட்டடம் தோன்றும். ஒரு ஹால், ஒரு பாத்ரூம். செயலாளர் அவன். பொருளாளர் வெளிநாடு போய்விட்டதால் அதுவும் அவன். மாநாட்டுக்கு பேனர் கட்டுவதும் அவன்தான்.

கம்ப்யூட்டருக்குத் தமிழ் புரியவைக்கிறார்களாம்.

அதற்காக, இணையத்தில் ஜனங்கள் எழுதுவதையெல்லாம் அள்ளிவந்து, இது கோபம், இது பாராட்டு, இது கேலி என்று ஒவ்வொரு வரியாகக் குறிப்பார்கள். ஒரே வரியை இரண்டு பேர், தனித்தனியாக. இன்னொருவர் யார் என்று இருவருக்குமே சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் கலந்து பேசிவிடுவார்கள் அல்லவா? பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து எவ்வளவு பொருந்துகிறது என்று பார்ப்பார்கள்.

ஜாதகம் போல என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

மாநாடு முடிந்ததும், வரி குறிக்கும் வேலைக்கு வந்த அவள் வீட்டில் போய்ப் பெண் கேட்க வேண்டும் என்று அவன் இருந்தான். தெருவுக்கே தெரியும். அவளிடம்தான் சொல்லவில்லை.

முதல் முறை அவளோடு குறித்தது அவனே. ஆசையாகத்தான் உட்கார்ந்தான்.

பொருந்தவில்லை.

‘அண்ணாச்சி மனசு தங்கம், அதான் சேலைக்கும் தங்க வெல போடறாரு.’ ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தின் கீழே யாரோ எழுதியது. அவள் கேலி என்று குறித்தாள். அவன் பாராட்டு என்று குறித்தான்.

அவனுக்கு எல்லாமே பாராட்டுதான். “ஒத்த ஆளா ஒரு கழகத்தையே தூக்கி நிறுத்தறீங்க” என்று நாங்கள் சொன்னதற்குக்கூட நன்றி சொன்னவன்.

இரண்டாம் முறை நாகர்கோவில் ஆள் ஒருவனைப் போட்டான்.

பொருந்தியது.

கேலிகூடப் பொருந்தியது. இருப்பதிலேயே அதுதான் கஷ்டமாம். இவள் இங்கே எந்த வரிக்குச் சிரித்தாளோ, அதே வரிக்கு எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து சிரித்திருக்கிறான்.

வேறு செயலாளராக இருந்தால் ஸ்வீட் வாங்கியிருப்பான். இவனுடைய டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது.

“மாநாட்டுல இத வைக்க முடியாது. காப்பி அடிச்சதுன்னு எழுதிடறேன்.”

“ஒரு வருஷ வேலைங்க சார். அப்புறம் யாருங்க எனக்கு வேலை குடுப்பாங்க?”

“அத முன்னாடியே யோசிச்சிருக்கணும்.”

“யாரைப் பாத்துங்க காப்பி அடிச்சேன்? ஆம்பளையா பொம்பளையான்னுகூட எனக்குத் தெரியாதுங்க.”

“ஜெபினுக்கு நீ போனே பண்ணலைன்னு சொல்லு. சொல்லு பாக்கலாம்.”



எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடுவது கேட்டது.

“யாருங்க சார் ஜெபின்?”

மெதுவாகத்தான் கேட்டாள். நிஜமாகவே தெரியாதவர் கேட்கிற மாதிரி. எங்களுக்கே அது புரிந்தது. அவனுக்கும் புரிந்திருக்கும்.

நாற்காலி ஒன்று இழுபட்டது. அவன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வரவே கூடாதோ, அவன் வாயிலிருந்தே வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் இறங்கி வந்தாள். எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். செருப்பை மாட்டும்போது உதடு மட்டும் அசைந்தது.

ஒரு சின்னப் பெயர் அளவுக்கு.

கழகத்தில் அந்தப் பெயருக்கு ஒரே ஆள். இணையதளத்தில் உறுப்பினர் பக்கத்தில் படத்தோடு இருக்கிறான். நாங்களும் போனில் எடுத்துப் பார்த்தோம். சுமாரான முகம்தான். கண்ணாடி வேறு.

அவள் குறித்த வரிகளின் தொகுப்பு மாநாட்டுக்கு வந்துவிட்டது. பெயரை வெளியே விட்டது யார் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், செயலாளர் பதவி போயிருக்கும். அவள் சொல்லவில்லை. அவனும் நிறுத்தவில்லை.

மேடையில் இருவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைக்க வேண்டியவர் செயலாளர்.

செய்தான். மைக்கில்.

கல்யாணம் நாகர்கோவிலில், சர்ச்சில். அவள் வீட்டார் மனம் ஆறுவதற்காக இங்கேயும் மண்டபம் பிடித்து ஒருமுறை. இங்கே நடந்ததற்கு அவன் வந்திருந்தான். கடைசிப் பந்தியில் சாப்பிட்டான்.

அடுத்த பொதுக்குழுவில் புதிதாக ஒரு விதி கொண்டுவந்தான். கணவனும் மனைவியும் ஒரே தொகுப்பைக் குறிக்கக் கூடாது.

நியாயமான விதிதான். யாரும் எதிர்க்கவில்லை. ஜெபினே கை தூக்கினானாம்.

ஆடி கழிந்ததும் அவள் நாகர்கோவிலுக்கே போய்விட்டாள். வேலையை விடவில்லை. இங்கிருந்து புதுத் தொகுப்பு போகிறது. அவள் குறித்து அனுப்புகிறாள். இப்போது அதே வரிகளை இன்னொரு பக்கம் குறிப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

கழகத்துக்குப் பெரிய இடம் பார்த்துக் கொடுத்தார்கள். அவன் போகவில்லை. பகலெல்லாம் மாடியில் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கிறான். படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருக்கிறான்.

பிறகு, சிரித்துப் பார்க்கிறான்.