மாலையைக் காணோம்

சின்னவளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதில் பெரியவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இருவரும் ஓரகத்திகள். ஒரே கட்டடத்தில் கீழும் மேலுமாகக் குடியிருக்கிறார்கள். பெரியவளுக்குத் தெருமுனையில் தையல் கடை. சின்னவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. பெரியவளுக்குக் கோபம் வந்தால் சின்னவளின் பெயர் 'மேல்வீட்டு மேதாவி' என்று மாறிவிடும். கொஞ்ச நாளாகவே மேதாவிதான்.

விஷயம் இதுதான். ஊர் உலகமே குடியிருக்கும் பெரிய இணையதளத்தில் குடும்பத்துக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அதை ஆரம்பித்த சின்னவளே ஒரு நாள் காலையில் துடைத்துப் போட்டுவிட்டாள். படம், வாழ்த்து, கேலி எல்லாம் போயிற்று. பதிலுக்குத் தன் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைச் செருகி, இனி எல்லோரும் இங்கே வாருங்கள் என்றாள். போன் நம்பர் வேண்டாம், நிஜப்பெயர் வேண்டாம், ஆளுக்கொரு பட்டப்பெயர் போதும். இதுபோல் எங்கெங்கோ யார் யாரோ பெட்டி வைத்திருக்கிறார்களாம். பெட்டிக்குப் பெட்டி பேசிக்கொள்ளுமாம். நடுவில் முதலாளி என்று ஒருத்தன் உட்கார்ந்து வேவு பார்க்க மாட்டானாம்.

மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே குடிமாறினார்கள். பெரியவள் மசியவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம என் படத்தை அழிச்சவ. அவ பெட்டிக்கு நான் எதுக்குப் போகணும்?" என்று துணி தைக்க வந்தவர்களிடம் எல்லாம் பொருமினாள்.

அவள் வருத்தம் ஒரே ஒரு படத்துக்காக. கணவர் போன பிறகு அவளுக்கு மிச்சம் மகள் ஒருத்திதான். அந்த மகள், புருஷனின் அடி பொறுக்காமல் அவனை விட்டு வேறு ஊருக்குப் போய், ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடையின் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று வாய்கொள்ளாமல் சிரித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்பினாள். பெரியவளுக்குப் பெருமை தாங்கவில்லை. 'என் பொண்ணு சொந்தக் கால்ல நிக்கிறா' என்று எழுதி அதைக் குடும்பப் பக்கத்தில் போட்டாள். நூறு லைக் விழுந்தது.

அதே வாரம் மகளின் போன் அணைந்தது. 'நல்லா இருக்கேன், என்னைத் தேடாதீங்க' என்று யார் மூலமாகவோ ஒரு சேதி வந்ததோடு சரி. பெற்ற பெண்ணே தன்னை உதறிவிட்டாளே என்று பெரியவள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். மிச்சமிருந்த அந்தப் படத்தையும் மேதாவி அழித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவளே கடைக்கு வந்தாள். கேட்காமலே பெரியவளின் போனை எடுத்து எதையோ தட்டினாள். பட்டப்பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டாள்.

"மண்ணாங்கட்டின்னு வை."

சின்னவள் அப்படியே வைத்தாள். தையல் மெஷின் முன்னால் உர்ரென்று உட்கார்ந்திருந்தவளை ஒரு படம் எடுத்துப் போட்டாள்.

"அஞ்சு நிமிஷம் பாருங்கக்கா. பிடிக்கலைன்னா நானே எடுத்துடறேன்."

முதலில் கொழுந்தன் வந்து, அண்ணி முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும் என்று எழுதினான். அடுத்து, வேறெந்தப் பெட்டியிலிருந்தோ 'குண்டூசி' என்று ஓர் ஆள் எட்டிப் பார்த்தது.

'கழுத்துல மாலையக் காணோமே?'

கொழுந்தனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. 'உயிரோட இருக்கறவங்க படத்துக்கு மாலை கேக்கறது யாருடா?' என்று பாய்ந்தான்.

பெரியவளின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கும் அளவு டேப், வெட்டும் மேசைமேல் கிடந்தது. அதை 'அம்மா மாலை' என்று சொல்ல உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் உண்டு. மழலையில் சொல்ல ஆரம்பித்தது, வளர்ந்த பிறகும் விடவில்லை.

எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள். 'மேசை மேல இருக்கு கண்ணு.'

'எடுத்துப் போட்டுக்கம்மா. பாக்கணும்.'

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பெரியவள் அழுத அழுகையில், எடுத்த படம் எதுவும் தெளிவாக விழவில்லை. சின்னவள் மூன்றாவது தடவை எடுத்து அனுப்பினாள்.

"அவ எங்க இருக்கா?"

"எனக்கே தெரியாதுக்கா. யாருக்கும் தெரியாம இருந்தாத்தான் வருவேன்னு சொல்லிவிட்டா. அந்தப் பழைய பக்கம் இருக்கற வரைக்கும் வரவே மாட்டேன்னுட்டா. அதான், இப்படி ஒண்ணு எப்படிக் கட்டறதுன்னு ராப்பகலா உக்காந்து கத்துக்கிட்டேன்."

பெரியவள் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்தப் பெண்ணையா தலைக்கனம் பிடித்தவள் என்றோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"வாய்க்கு வந்தபடி உன்னைப் பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் ஆளா வந்திருப்பேனேடி. ஏன் சொல்லலை?"

சின்னவள் மேசையில் கிடந்த நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா, அந்த ஊரையும் விட்டு அவ ஏன் ஓடினான்னு கேட்டிருப்பீங்கக்கா."

ஏன் ஓடினாள் என்று கேட்கத்தான் பெரியவள் வாயைத் திறந்தாள். அழிந்துபோன அந்தப் படம் கண்முன் வந்தது. சிரிக்கிற மகளின் தலைக்கு மேலே, அடித்த புருஷன் தேடி வர வசதியாக, அந்த மருந்துக்கடையின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது.