இலை எடுக்கும் வரை

சாத்தப்பன் வீடியோ காலில் வந்தபோது, நான் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு ஹாலில் நின்றுகொண்டிருந்தேன்.

அவன் என் கணவருக்குச் சித்தப்பா மகன்; அண்ணியான என்னை அண்ணமிண்டி என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குப் பின்னால் எங்கள் ஊர் வீட்டின் வளவு தெரிந்தது. தூண்களைக் கழுவி, முற்றம் நிறையக் கோலம் போட்டிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்திறங்கிய பங்காளிகள் ஈரத் தலையோடு அலைந்துகொண்டிருந்தார்கள்.

இன்று முன்னோருக்குப் படைப்பு. அடுத்த மாதம் வீடு ஹோட்டல்காரர்கள் கைக்குப் போகிறது. அந்த வளவில் இதுதான் கடைசி.

பங்காளி வீட்டில் ஒரு சாவு என்று காதில் விழுந்தால் போதும், அத்தனை பேருக்கும் தீட்டு. வடித்த சோற்றைக்கூடக் கொட்டிவிடுவார்கள். போன முறை பினாங்குப் பெரியப்பாவால் அப்படித்தான் நின்றுபோனது.

இந்த முறை நிற்கவே கூடாது என்று என் கணவருக்கு ஒரே பிடிவாதம். ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டே ஒவ்வொருவரையும் போனில் பிடித்துச் சம்மதிக்க வைத்தார்.

கல்யாணமானதிலிருந்து சேர்ந்தாற்போல் ஒரு வாரம்கூட நான் அந்த வீட்டில் இருந்ததில்லை. இருந்தும் அது என்னை விடுவதாக இல்லை. இங்கே பொம்மனஹள்ளியில், மூன்றாவது மாடியில், வாசற்கதவைத் திறக்கவும் வழியில்லாமல் என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. வேலைக்கு வந்த சந்திரம்மாவைக்கூடக் கதவிடுக்கிலேயே பேசி அனுப்பிவிட்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அண்ணமிண்டி, அண்ணனைக் கொஞ்சம் காட்டுங்க. வளவைப் பாக்கணும்னு சொன்னாகளே."

"தூங்குறாக."

"எழுப்புங்க, கோவிச்சுக்க மாட்டாக" என்று சிரித்தவன், சட்டென்று நிறுத்தினான். எதையோ கேட்பதுபோல் போனைக் காதருகே கொண்டுபோனான்.

எப்போது கூப்பிட்டாலும் இங்கே ஆக்ஸிஜன் மெஷின் இரைந்துகொண்டிருக்கும். கிரைண்டர் ஓடுதா என்று கேலி செய்வான்.

அதை ஓட விட்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனே.

சாத்தப்பன் கூட்டத்தை விட்டு விலகி ஒரு தூணுக்குப் பின்னால் போனான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எதுவும் சொல்லிடாதீங்க அண்ணமிண்டி. படைச்சு இலை எடுத்ததும் நானே கூப்பிடுறேன். அதுவரைக்கும் அழுதுடாதீங்க."

விடிந்ததிலிருந்து நான் அழாமல்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.