தலை எண்ணும் நாள்

நாலாவது தடவையாக அதே பஸ்ஸில் ஏறினார் துணிக்கடைக்காரர். இந்தத் தடவை தலையில் குல்லா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

பின்னாலேயே பென்ஷன் வாத்தியாரும் அவர் சம்சாரமும் சட்டையும் சால்வையும் மாற்றிக்கொண்டு, இன்றைக்குத்தான் பஸ்ஸையே பார்க்கிற முகத்தோடு ஏறினார்கள்.

"மூட்டு கழண்டுடும் போலிருக்குண்ணா. இன்னும் எத்தனை தடவை?" என்று முனகினாள் வாத்தியாரம்மா.

"இன்னும் ஒரே தடவைம்மா. பஸ் போச்சுன்னா, அப்புறம் வீட்டுக்குள்ளயே முடங்கி மூட்டுக்கு ஆயுசு பூரா ரெஸ்ட் கொடுக்கலாம்."

கடையை மூடிப் பத்து வருஷம் ஆகியும் வாயை மூடாத மனுஷர் அவர்.

இளசுகள் எல்லாம் பெரிய நகரங்களுக்குப் பறந்துவிட, அந்த மேட்டுக் குடியிருப்பில் மிச்சம் இருந்தவை நரைத்த தலைகள்தான். ஆட்டோக்காரர்கள் மேட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இன்றைக்கு அறுபது பேர் ஏறாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து பஸ் கிடையாது, எண்ணுவதற்கு ஆபீஸிலிருந்து ஆள் வருகிறது என்று கண்டக்டர் காதைக் கடித்திருந்தார்.

துணிக்கடைக்காரரின் மனைவிக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பஸ் நின்றால் அவள் மூச்சும் நின்ற மாதிரிதான்.

முன் சீட்டில் ஓர் இளைஞன், மடியில் பெரிய பை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் திரும்பி ஒவ்வொரு முகமாக எடைபோட்டான், செல்போனில் எதையோ தட்டினான். அவன் திரும்பும்போதெல்லாம் பஸ்ஸே மூச்சை அடக்கிக்கொண்டது.

துணிக்கடைக்காரர் ஜன்னலோரக் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிழவர் காலையிலிருந்து இறங்கவே இல்லை. கட்டைவிரல் மட்டும் விரல் கணுக்களில் ஊர்ந்துகொண்டிருந்தது. பாவம், என்ன வேண்டுதலோ.

"நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு. முன்னாடி இருக்கானே, அவன்தான் தலை எண்ண வந்தவன். நாங்க மொத்தமே பன்னெண்டு பேருங்க. வேஷம் மாத்தி மாத்தி நாப்பத்தெட்டு ஆக்கிட்டோம்."

"கண்டுபிடிச்சுட மாட்டாங்களா?"

"சின்னப் பசங்களுக்குக் கிழடு எல்லாம் ஒரே அச்சு. நீங்களும் சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ஒருதரம் இறங்கி ஏறினா ஒரு தலை கூடுமே. குல்லா நான் தர்றேன்."

"கெட்டிக்காரர்தான் நீங்க" என்றார் கிழவர்.

அதற்குள் இளைஞன் எழுந்து நின்று பையைத் திறந்தான். துணிக்கடைக்காரர் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். பஸ் மேடேறிக்கொண்டிருந்தது, இறங்கி ஓடவும் வழியில்லை.

"பெரியவங்களே, முழங்கால் பெல்ட். ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்."

"முதல்ல எனக்கு ஒரு ஜோடி கொடுப்பா" என்றாள் வாத்தியாரம்மா. பஸ் முழுக்கச் சிரிப்பு.

துணிக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பிவந்தது. கிழவரின் தொடையில் தட்டினார். "இந்தப் பொடியனுக்கா இவ்வளவு நேரம் நடுங்கினோம்? அப்போ ஆபீஸ் ஆளு இன்னைக்கு வரவே இல்லை போலிருக்கே."

கிழவர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேலைக்கு வயசுப் பசங்க கிடைக்காம, ரிட்டயரான என்னைத்தான் அனுப்பியிருக்காங்க."